சட்டையும் முண்டும்

சித்திரபுரம் மிக்கேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் ஜோஸுக்குப் பெண் கேட்க மலையாளி வீட்டுக்குப் போக வேண்டும். பெண் பின்சிக்குச் சம்மதம். அவளுடைய பாட்டிதான், “எஸ்டேட் பாண்டிக்காரன் வேண்டாம்” என்று தமிழனை இளக்காரமாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

உடுப்பிலாவது அசத்திவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு ஸ்டைலிஸ்டைப் பிடித்தார். கொச்சிக்காரி. மலையாளம் என்றால் தமிழை மூக்கால் பேசுவது என்பது மிக்கேலின் எண்ணம்.

“வீட்டில் மூத்த ஆளுக்கு. சட்டையும் முண்டும் மதி, மோளே.”

“முண்டுக்குப் பின்னால விசிறி மடிப்பு வேணுமோ?”

“வச்சிரு, ஸ்டைலா இருக்கட்டும்!” என்று தன் அளவையும் சொன்னார்.

சனிக்கிழமை பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்த மனைவி செபமாலையம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. “ஏங்க, வேட்டிய மலையாளத்துல முண்டுன்னீங்க. சட்டைய மட்டும் தமிழ்லயே விட்டுட்டீங்களே!”

மறுநாள் மிக்கேல் பழைய சட்டையில்தான் போனார். பார்சலைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்து நின்றார்.

பார்சலுக்குள்ளே, மலையாளக் கிறிஸ்தவப் பாட்டிமார் மட்டுமே இன்னும் உடுத்துகிற விசிறி மடிப்பு முண்டு, அதற்கு மேல் போடும் வெள்ளை ரவிக்கை. மலையாளத்தில் அந்த ரவிக்கைக்குப் பெயர்தான் சட்டை.

பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தக் காலத்துல இதை யாரு ஓர்மை வச்சு வாங்கித் தருவா? கல்யாணத்துக்கு இதைத்தான் உடுப்பேன். எனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!”

‘அளவு என்னுது’ என்று வாய்வரை வந்ததை மிக்கேல் விழுங்கிக்கொண்டார்.