பகலில் தராத சூப்பான்

“அந்தத் தாளை நான் நிரப்பவே இல்லைங்க, சிஸ்டர்” என்றாள் போனில் அந்தக் குழந்தையின் அம்மா.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. குழந்தைகள் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். தாளை நிரப்பாத தாய்மார்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

விஷயம் இதுதான். ஒன்றரை வயதாகியும் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் வாயில் ரப்பர் சூப்பான். ஒரு மாதம் முன்பு அப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் சூப்பானைக் குறையுங்கள், தூங்கும்போது மட்டும் கொடுங்கள், அப்படியும் பேச்சு வராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் எத்தனை தடவை கேட்டாள், எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்று குறிக்க, முப்பது கட்டம் போட்ட தாளை நர்ஸே அவர் கையில் கொடுத்து அனுப்பினாள். கெடு இன்றோடு முடிகிறது. பரிசோதனைக்கு எழுதுவதா வேண்டாமா என்பது இந்தப் போன் பேச்சில்தான் இருக்கிறது.

“சரிம்மா, பகல்ல எத்தனை தடவை குடுத்தீங்க? உண்மையைச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்.”

“ஒரு தடவைகூடக் குடுக்கலை.”

நன்றாக அளக்கிறாள் என்று நினைத்தாள் நர்ஸ். இரண்டு நாள் வீறாப்பு, மூன்றாம் நாள் சரணாகதி. எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது. போலீஸ்காரி மாதிரி குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள்.

அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை. முதல் நாள் குழந்தை இருபத்தாறு தடவை கேட்டாள் என்றாள். ஒரு வாரத்தில் அது பதினொன்று ஆனது. நேற்று நாலே தடவை, அதில் இரண்டு காலையில். எந்தத் தேதியைக் கேட்டாலும் கணக்கு கையில் இருந்தது. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டார்கள். நர்ஸின் பேனா நின்றுவிட்டது.

அழும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

“எல்லா அழுகையும் ஒண்ணு இல்லையே, சிஸ்டர். பசின்னா மூக்கால அழுவா. தூக்கம்னா இழுத்து இழுத்து அழுவா. சும்மா சூப்பான் கேக்கறப்ப மட்டும் நடுவுல நிறுத்தி, நான் வர்றேனான்னு கவனிப்பா. அப்பப் பக்கத்துல போய் உட்கார்ந்து ஏதாவது பேசிட்டே இருப்பேன். அவ்வளவுதான்.”

அதற்குள் போனுக்குப் பின்னால் ஒரு குரல் “தா, தா, பந்து தா” என்று அதிகாரம் செய்தது. யார் அது என்று நர்ஸ் கேட்க, உங்க பேஷன்ட்தான் என்று அம்மா சிரித்தாள். இதுவரை பதினாலு வார்த்தை வந்திருக்கிறதாம். காலையில் கண் விழித்ததிலிருந்து வாய் ஓய்வதில்லையாம்.

பரிசோதனை இப்போது தேவைப்படாது, டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள் நர்ஸ். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

“எத்தனையோ பேருக்கு நான் புத்தி சொல்றேன். ஆனா என் பையனுக்கு மூணு வயசு வரைக்கும் என்னால நிறுத்த முடியலை. அழுதா மனசு கேக்காது, குடுத்துடுவேன். உங்களால மட்டும் எப்படிம்மா முடிஞ்சுது?”

“கம்பித் தடுப்புக்குள்ள விளையாடின வரைக்கும் நானும் தாராளமாத்தான் குடுத்தேன், சிஸ்டர். போன மாசம் தடுப்பைத் தாண்டிக் குதிக்க ஆரம்பிச்சுட்டா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

“தடுப்புக்கும் சூப்பானுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“அது வாயில இருந்தா அவ சத்தமே வராது. சத்தம் வரலைன்னா, அவ வீட்டுல எந்த மூலையில இருக்கான்னு கண் தெரியாத நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”