கடிதம் இல்லாமல் சாப்பாடு இல்லை

ஒட்டியிருந்த உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் ஐலா. உள்ளே ஒரு தாள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"என்னடா ரோரி இது?"

அந்தப் பிள்ளைகளின் கோடை முகாமில் ஞாயிற்றுக்கிழமை மாலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு எழுதிய கடிதம்தான் சீட்டு. சமையல்காரி ஐலா கூடையோடு வாசலில் நிற்பாள். கூடையில் கடிதம் விழுந்தால்தான் பிள்ளை உள்ளே போகலாம்.

"'கொசு என்னைப் பாதி தின்னுடுச்சு, மீதி ஆகஸ்ட்ல வரும்'னு எழுதுடா. நான் வருஷா வருஷம் அதையேதான் எழுதறேன்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வரிசையே சிரித்தது.

ரோரி சிரிக்கவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அம்மா நோரா டொரொண்டோவில் படுத்த படுக்கையாக இருந்தாள். சிறுமியாக இருந்தபோது அவளும் இதே முகாமுக்கு வந்தவள்தான். மகனும் ஒரு கோடையாவது இந்த ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பி வைத்திருந்தாள்.

"என்ன எழுதினாலும் கடைசிக் கடிதாசி மாதிரியே ஆயிடுது, ஆன்ட்டி," என்றான் ரோரி, தரையைப் பார்த்தபடி.

ஐலா உறையைக் கூடையில் போட்டாள். "உள்ள போ. ரொட்டி ஆறிடும்."

அடுத்த ஞாயிறு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு வரியாவது எழுத வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு நூற்றிருபது பிள்ளைகளுக்குக் கோழி வறுப்பதிலேயே பொழுது போய்விட்டது. இப்படியே ஐந்து ஞாயிறுகள், ஐந்து வெறும் தாள்கள். ஆகஸ்ட் நடுவில் ஒரு மத்தியானம் சித்தப்பாவின் கார் வந்து ரோரியை ஏற்றிக்கொண்டு போனது. அவன் பெட்டியைக்கூட யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பரில் முகாம் காலியானது. கூரைப் பனியைத் தள்ளவும் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ளவும் எல்லா வருஷத்தையும் போல ஐலா மட்டும் அங்கேயே தங்கினாள். பிர்ச் மரத்து இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. ஏரி உறைந்தது. பெட்டி சமையலறை மூலையில் கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஐந்து தாள்களும் நினைவுக்கு வந்தன. சாகப் போகிறவள் ஒவ்வொரு வாரமும் ஆசையாக உறையைப் பிரித்திருப்பாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள்.

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரை ஒதுங்கிய அன்று, ரோரியின் அப்பா டங்கன் வந்தார்.

"பெட்டியை எடுத்துட்டுப் போலாம்னு. கூடவே, இந்த வருஷமும் அவன் பேரைச் சேர்க்கணும். வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான்."

ஐலா காபி ஊற்றினாள். ஏலக்காய் ரொட்டியை நறுக்கி வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"போன வருஷம் வந்த கடிதாசிங்கதான் எங்களுக்குத் தெம்பு," என்றார் டங்கன்.

ஐலாவின் கை கோப்பையிலேயே நின்றது.

"ராத்திரி லூன் பறவை கத்தறதைப் பேய்ச் சிரிப்புன்னு நெனச்சு, அடுத்த கட்டில்ல போய்ப் புகுந்துக்கிட்டது... துடுப்பை ஏரியில விட்டுட்டுக் கையாலயே தண்ணியைத் தள்ளிக்கிட்டுக் கரை சேந்தது... வாரம் பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். விடியக்காலம் கைப் பம்பை அடிச்சு முகம் கழுவினா பல்லெல்லாம் கிட்டிக்குமாமே? அந்தப் பம்பை எனக்கு ஒரு தடவை பாக்கணுங்க."

ஐலா வேலைக்குச் சேர்ந்த வருஷமே அந்தப் பம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பாவம், மகனைத் தலைகுனிய விடக் கூடாது என்று மனிதர் இல்லாததைச் சொல்கிறார். தன் ஒருத்தியின் அலட்சியத்தால் இவரைப் பொய் சொல்லவும் வைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

"என்கிட்ட நீங்க மறைக்க வேண்டாங்க," என்றாள். "இங்க பம்பே கிடையாது. அந்த அஞ்சு உறையிலயும் வெறும் தாளுதான் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் நான் கூடையில போட்டேன். பிள்ளை மேல தப்பு இல்ல. உக்கார வெச்சு எழுத வெச்சிருந்தா எழுதியிருப்பான். கடைசி நேரத்துல உங்க வீட்டம்மாவுக்கு மகனோட ஒரு வரிகூடக் கிடைக்க விடாம பண்ணிட்டேன்..."

டங்கன் கோபப்படுவார் என்று ஐலா காத்திருந்தாள்.

"வெறும் தாளுன்னு தெரியுங்க. நோரா அந்த உறைங்களை வெச்சிருந்த தன் கைப்பெட்டியை யாரையும் தொட விட்டதில்ல. அடக்கம் முடிஞ்சு வந்து திறந்தப்பத்தான் நானே பாத்தேன்."

"அப்ப... லூன், துடுப்பு, பம்பு எல்லாம்?"

டங்கன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக் கடிதாசியை எல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டினது அவதாங்க."