மூன்றாவது சென்சாரும் காணோம்

"இன்னிக்கு அவனைக் கையும் களவுமாப் பிடிக்கலேன்னா, நான் கடையை இழுத்து மூடிடறேன்!" என்று சபதம் போட்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் வண்டி ஓட்டிய காலத்தில் அவள் வாயைத் திறந்தாலே, "ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதே!" என்று எரிந்து விழுவார். காரில் வாயைத் திறக்காத அந்தப் பழக்கம் அவளை இன்னும் விடவில்லை.

மனுஷனின் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆசை ஆசையாகப் பழைய கார் ஒன்று வாங்கினார். கூடுதல் வாரண்டியும் சேர்த்துத்தான் வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே கியர் மக்கர் செய்தது. ஒரு சென்சார் போய்விட்டதாம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வாரண்டி ஆபீஸ் ஆடி அசைந்து ஒப்புதல் கொடுத்து, சென்சார் வந்து சேர்ந்தது. வந்த அன்றே சர்வீஸ் சென்டரில் காணாமல் போனது. மறுபடி ஒப்புதல், மறுபடி காத்திருப்பு. இரண்டாவதும் மாயம்! மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. அவருடைய கார் பட்டறை மூலையில் தூசி படிந்து கிடக்க, அதன் அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

அது சரியாகும் வரை ஓட்டிக்கொள்ளும்படி கம்பெனி கொடுத்ததுதான் இந்த மாற்றுக் கார். "அடுத்தவன் சொத்து. ஒரு கீறல் விழுந்தாலும் என் தலையில கட்டிடுவான். நீயே ஓட்டித் தொலை" என்று சாவியை மனைவியிடம் தூக்கிப் போட்டுவிட்டார். சொந்தக் காரில் அவளை ரேடியோவைக்கூடத் தொட விட்டதில்லை. என்றோ எடுத்த லைசென்ஸ் பீரோவில் தூங்கிக் கிடந்தது. இப்போது அவள் நர்ஸ் வேலைக்கும் இதில்தான் போய் வருகிறாள். பஸ் பாஸைப் புதுப்பிக்கக்கூட இல்லை.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையாயிடக் கூடாது. எனக்கு என் வண்டிதான் வேணும். சர்வீஸ் சென்டர்ல பார்ட்ஸ் எடுத்துக் குடுக்கற அந்த ஸ்டோர் ஆள்தான் திருடன். நேருக்கு நேர் பார்க்கவே மாட்டேங்கறான். தினமும் எத்தனை கண்ணைப் பார்க்கறவன் நான்! என்கிட்டயேவா?"

"பாவங்க. அந்த மனுஷர் எடுத்திருக்க மாட்டார். எனக்கு நல்லாத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? யார் எதைச் சொன்னாலும் நம்பிடுவே."

சர்வீஸ் சென்டரில் மூன்றாவது சென்சார் தயாராக இருந்தது. பொருளை வாடிக்கையாளருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வண்டியில் மாட்ட வேண்டும் என்பது வாரண்டி விதி. ஸ்டோர்காரர் பெட்டியைக் கவுண்டரில் வைத்துத் திறந்து காட்டினார். கண்ணாடிக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"நீ போய்க் காரைத் திருப்பி வை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வெளியே போவதுபோல் பாவனை செய்து டயர் அடுக்கின் பின்னால் பதுங்கினார்.

ஸ்டோர்காரர் இப்படியும் அப்படியும் பார்த்தார். எதையோ எடுத்துத் தன் தோள்பையில் திணித்துக்கொண்டு நடந்தார்.

"நில்லுய்யா! பையைத் திற!"

ஒரே அமளி. மெக்கானிக்குகள் ஓடி வந்தார்கள். மேனேஜர் ஓடி வந்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார் கடைக்காரர். கழுவாத டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, சர்க்கரை மாத்திரை அட்டை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். அவ்வளவுதான்.

"டாக்டர் பிஸ்கட் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அதான் ஒளிச்சு வெச்சேன்" என்றார் ஸ்டோர்காரர், அழாத குறையாக.

"அப்போ சென்சார் எங்கே?" என்று மேனேஜர் கேட்க, எல்லோரும் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி இருந்தது. உள்ளே காற்றுதான் இருந்தது.

மனைவி கவுண்டர் பக்கமிருந்து தண்ணீர் பாட்டிலோடு வந்து, "குடிங்கண்ணே. இவர் எப்பவுமே இப்படித்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்று ஸ்டோர்காரரைத் தேற்றினாள்.

மேனேஜர் கைகூப்பினார். "சார், நீங்களே சோதிச்சுப் பார்த்துட்டீங்க. இனிமே இவர் மேல பழி போட்டா அடுக்காது. நான் மறுபடி வாரண்டி ஆபீஸுக்கு எழுதறேன். அதுவரைக்கும் அந்த வண்டியையே ஓட்டிக்குங்க."

கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. கடைசியில் அவள் சொன்னதுதானே சரியாகப் போயிற்று!

"கண் கூசுதா? நான் குடுத்த கூலிங் கிளாஸ் எங்கே?" என்று பின்சீட்டில் இருந்த அவளுடைய கைப்பையை எட்டி எடுத்தார்.

"ஐயோ, வேண்டாங்க. விடுங்க!"

முன்னால் பஸ், பக்கத்தில் லாரி. ஸ்டீயரிங்கிலிருந்து அவளால் கையை எடுக்க முடியவில்லை. அதற்குள் அவர், தன் கடைப் பெயர் போட்ட கண்ணாடிக் கூட்டை வெளியே எடுத்துவிட்டார். என்ன இது, இந்தக் கனம் கனக்கிறது?

திறந்தார். உள்ளே கூலிங் கிளாஸ் இல்லை. கண்ணாடி துடைக்கும் துணியில் பத்திரமாகச் சுற்றி, தீப்பெட்டி அளவில் மூன்று சென்சார்கள் இருந்தன.

அவர் வாயைத் திறந்தார்.

"ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதீங்க" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.