ஒன்றாகாத ஒருத்தி

கோயில் தலைவர் புவனேஸ்வரனுக்கு எதைப் பார்த்தாலும் இரட்டையாகத் தெரிந்தது. கோயில் பொதுக்கூட்டத்துக்குள் கண் சரியாக வேண்டும். சுங்கைப் பட்டாணி நகர மருத்துவமனையில் கண்புரையை எடுத்து, பார்வைக் கோணலையும் நிமிர்த்தும் லென்ஸ் வைத்தார்கள்.

"சாதாரண லென்ஸ் இல்லலா," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

விளக்குக் கம்பம் ஒன்றானது. செயலாளரும் ஒருவரானார். மனைவி குணசுந்தரி மட்டும் இரண்டாகவே இருந்தாள்.

டாக்டர் மறுபடி சோதித்தார். "கண்ணு ரொம்ப நல்லா இருக்கு, தலைவரே."

சாயங்காலம், கையுறைத் தொழிற்சாலையிலிருந்து வந்த குணசுந்தரி அடுப்படியில் மீன் பொரித்தாள். கூடத்தில் இன்னொரு குணசுந்தரி அவருடைய கூட்டச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சுந்தரி, நீ ரெண்டு பேரா?"

"பின்ன, ஒருத்தியால இவ்வளவும் முடியும்னு நெனச்சீங்களா?" என்றது அடுப்படி.

கூடத்தில் இருந்தவள் நிமிராமல் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.