சேற்றுக் கோடு

இரண்டு ஓடைகள் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஓடைக்கு ஒன்றாக இரண்டு மர அளவுகோல்கள் நின்றன. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்க ஆராய்ச்சிக்காரி வளர்மதி நட்டுவைத்தவை. இரண்டுக்கும் நடுவே ஒரு நாணல்.

ஐப்பசியில் பெருவெள்ளம் வந்து வடிந்தது. இரண்டு அளவுகோல்களிலும் கழுத்துவரை சேறு.

"வளர்மதி அம்மா பார்க்க வருகிற நேரத்தில் இந்தக் கோலத்திலா நிற்பது?" என்றது கிழக்கு அளவுகோல். நாணலைக் கூப்பிட்டு உடம்பு முழுக்கத் துடைத்துக்கொண்டது.

நாணல் மேற்குப் பக்கம் சாய்ந்தது. "உனக்கும் துடைத்துவிடட்டுமா?"

"கிட்டே வராதே. தண்ணீர் எதுவரை ஏறியது என்று சொல்ல இந்தச் சேற்றை விட்டால் வேறு சாட்சி இல்லை."

"பார்க்க அசிங்கமாக இருக்கிறதே."

"இருந்துவிட்டுப் போகட்டும்."

காற்றடிக்கும்போதெல்லாம் நாணல் கேட்டது. மேற்கு அளவுகோல் ஒவ்வொரு முறையும் மறுத்தது.

வளர்மதி கொத்தனாரோடு வந்தாள். பளிச்சென்று நின்ற கிழக்கு அளவுகோலைப் பார்த்தாள். "இந்த ஓடையில் தண்ணீர் ஏறவே இல்லை போல." அடுத்ததில் சேறு முடிந்த இடத்தில் விரலை வைத்தாள். "அண்ணே, இந்த ஓடைக்குத்தான் கரை வேணும். இந்தக் கோட்டுக்கு மேலே ஒரு முழம் வச்சுக் கட்டுங்க."

மேற்கே கரை எழுந்தது. கிழக்கே ஒரு கல்கூட இறங்கவில்லை.

அடுத்த ஐப்பசி வெள்ளத்தில் கிழக்கு அளவுகோல் பெயர்ந்து மிதந்து போனது. கூடவே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த நாணல், போகிற போக்கிலும் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தது.