பதினேழாம் குடுவை

குடுவையில் வளர்வது யாருடைய உடலிலிருந்து வந்தது என்று அந்த ஆய்வகத்தில் எவரும் கேட்பதில்லை. குடுவைக்கு எண் மட்டுமே உண்டு. அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் நேர்ந்ததில்லை.

“பதினேழு செத்துச்சா அக்கா?” கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார் ஆய்வகத் தலைவி.

“இல்லை மேடம். நேத்தைவிடப் பெருகியிருக்கு,” என்றார் உதவியாளர், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உங்க பதினேழுக்கு ஆயுசு கெட்டி. மத்ததெல்லாம் இந்த வேர்ச்சாறு பட்டதும் சுருண்டு விழுது. இது மட்டும் ஜம்முனு உட்கார்ந்திருக்கு.”

உதவியாளர் சிரிக்கவில்லை. குடுவைக்குள், இளஞ்சிவப்புத் திரவத்தின் அடியில், புற்றுநோய்ச் செல்கள் ஒட்டிப் படர்ந்திருந்தன. மூன்று ஆண்டுகளாக அத்திரவத்தை மாற்றி அவற்றை வளர்த்து வருபவர் அவர்தான். விடுமுறை நாளிலும் வந்துவிடுவார்.

“போன வருஷம் கரண்ட் போனப்ப, சூடு குறையக் கூடாதுன்னு இதை மடியில வச்சுக் காப்பாத்தினீங்க. அன்னைக்கே விட்டுத் தொலைச்சிருக்கலாம்.”

“என் வேலை அதுதானே மேடம்.”

“ஆறு தடவை ஊத்தியாச்சு. இன்னைக்கும் இது ஒண்ணு சாகலைன்னா, ஆய்வுக் குழு இந்த வேரையே தூக்கிப் போட்டுடும். கீழே கேன்சர் வார்டுல படுத்திருக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“வேற செடி பார்க்கலாமே.”

“கடையில சோப்பு மாத்தி வாங்குற மாதிரி சொல்றீங்க. நாலு வருஷம் காடு காடா அலைஞ்சு கிடைச்சது இது.” தலைவி சாற்றுக் குப்பியைத் திறந்தார். “தள்ளுங்க. இந்தத் தடவை நானே ஊத்துறேன்.”

உதவியாளரின் உள்ளங்கை குடுவையின் வாயை மூடியது.

“கையை எடுங்க அக்கா. என்ன ஆச்சு உங்களுக்கு?”

“ஆறு தடவையும் நான் வெறும் உப்புத்தண்ணியைத்தான் ஊத்தினேன் மேடம்.”

தலைவி அருகிலிருந்த முக்காலியில் அமர்ந்துவிட்டார். “கீழே அத்தனை பேர் கிடக்கிறாங்க. இந்தப் பதினேழுக்காகவா இப்படிப் பண்ணீங்க?”

“பதினேழுன்னு சொல்லாதீங்க,” என்றார் உதவியாளர், ஆய்வகம் முழுவதும் கேட்கும்படி. “அவளைக் கொன்னது இதுதான்னு எனக்கும் தெரியும். ஆனா என் பொண்ணோட உடம்புல இன்னும் உயிரோட இருக்கிறது இது மட்டும்தான்.”