ராசம்மாவின் நேர்த்தி

“உங்கட மனுசனுக்குக் கட்டார் போக விசா கிடைக்க வேணுமெண்டு மகள்ட தலையை மொட்டையடிச்சீங்களாம். அதுவும் ஒருக்கா இல்லை, இனி மாசாமாசம் அடிக்கிறதா நேர்த்தியாம். நீங்க எல்லாம் ஒரு தாயா?”

சுலக்ஷனா டீச்சர் வாசல் படலையிலேயே தொடங்கிவிட்டார்.

முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ராசம்மா நிமிரவில்லை.

“வந்து இருங்க டீச்சர். தேத்தண்ணி ஊத்துறன்.”

“நான் தேத்தண்ணி குடிக்க வரயில்ல. சாருமதிக்குப் பதினாறு வயசு. டிசம்பரில ஓ.எல். சோதனை. மூண்டு கிழமையா வகுப்புக்கு வரயில்ல. இந்தத் தலையோட எப்பிடி வருவாள்? அவளிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இல்ல டீச்சர்.”

“அவ்வளவு பக்தியெண்டா உங்கட முடியைக் குடுத்திருக்கலாமே!”

ராசம்மா அடுத்த கருவாட்டைப் புரட்டினாள். பல நாள் உறங்காத முகம்.

பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். “தாயில்ல, பேய்” என்று ஒருத்தி சொன்னது டீச்சருக்கே கேட்டது.

“என்ட பிழைதான்” என்றாள் ராசம்மா, கருவாட்டிடம் சொல்வதுபோல. “திங்கக்கிழமை அனுப்புறன்.”

டீச்சர் கோபம் ஆறாமலே பஸ்ஸுக்கு நடந்தார். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். சாருமதி. தலையைச் சுற்றிச் சால்வை.

“டீச்சர், அம்மாவை ஏசாதீங்க. அப்பிடி ஒரு நேர்த்தியே இல்ல.”

“என்ன?”

“தைப்பொங்கலுக்குப் பிறகு முடி கொட்டத் தொடங்கினது. வட்டம் வட்டமா. விடிய எழும்பினா தலகணி முழுக்க முடி. சிலாபத்தில டொக்டரிட்டக் காட்டினம். தொத்து வருத்தம் இல்லையாம். திரும்ப முளைக்கலாமாம், முளைக்காமலும் போகலாமாம்.”

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

“எண்ணெய் பூசினன். பின்னல மாத்தி மாத்திக் கட்டி மறைச்சன். கண்ணாடி பாக்கிறதையே விட்டிட்டன். எனக்குக் களைச்சுப்போச்சு டீச்சர். அப்பதான் அம்மா தலையை முழுக்க வழிச்சுப்போட்டு, நேர்த்தியெண்டு வீடு வீடாச் சொல்லிட்டு வந்தவ.”

“ஊரே அவவைத் திட்டுதே பிள்ளை!”

“அதத்தான் நானும் கேட்டன். ‘என்னைப் பேசட்டும், நான் தாங்குவன். உன்ட தலையைப் பாத்துக் கதைக்கத் தொடங்கினா நீ தாங்கமாட்டாய்’ எண்டா.” சாருமதி சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். “ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க டீச்சர்.”

திங்கட்கிழமை சாருமதி வந்தாள். சால்வை இல்லாமல், மொட்டைத் தலையோடு முன்வரிசை வாங்கில் இருந்தாள். வகுப்பு முழுக்கக் குசுகுசுப்பு. கடைசியில் ஒரு பிள்ளை எழும்பியே கேட்டுவிட்டது.

“டீச்சர், நீங்க வீட்டுக்குப் போனீங்கதானே? இவட அம்மாவுக்கு இரக்கமே இல்லையாம். மெய்யா?”

டீச்சர் சாருமதியைப் பார்த்தார். அவள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் இருந்தாள்.

“ஓம்” என்றார் டீச்சர். “அப்பிடி ஒரு பொம்பிளையை நான் கண்டதேயில்லை.”